பழைய வண்டி செட்டில் ப்ரோகிராம் ஏறவில்லையா: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கைமாறி வந்த வண்டி வயர்லஸ் செட்களைப் பற்றித்தான் இது. நெல் ஆலை லொறியிலும் மண் ஏற்றும் டிப்பரிலும் டாஷ்போர்டுக்குக் கீழே பூட்டுகிற 25 வொட், 45 வொட் செட்கள்: மோட்டோரோலா, கென்வுட், ஐகாம், அப்புறம் இப்போது கூடுதலாக வரத் தொடங்கியிருக்கும், டிஎம்ஆர் என்ற தரத்தில் குரலை எண்ணாக்கி அனுப்பும் டிஜிட்டல் செட்கள். வெளிநாட்டில் ஏதோ ஒரு டாக்ஸி கம்பனியோ பாதுகாப்பு நிறுவனமோ கழித்துவிட்டது, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து, கடைசியில் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு மேசைமேல் நிற்கும். அமெரிக்காவில் 2013 ஜனவரி 1 முதல் தொழில் பயன்பாட்டு விஎச்எஃப், யூஎச்எஃப் பட்டை செட்கள் சனலின் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை விட்டு 12.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, குறுக முடியாத நல்ல செட்கள் நிறையப் பழைய சந்தைக்கு வந்துவிட்டன. பல செட் இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது இன்னொருவருடைய சனல், இன்னொருவருடைய டோன் (குழுவைப் பிரிக்கும் சின்ன ஒலி அடையாளம்), சில நேரம் இன்னொருவருடைய பாஸ்வேர்ட்.

கொண்டு வருகிறவர் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: “தம்பி, லைட் எரியுது, கதைக்க ஏலாம இருக்கு, ஃபர்ம்வெயர் மாத்தோணும் எண்டு சொல்றாங்க.” யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. என் அனுபவத்தில் ஃபர்ம்வெயர் மாற்றித்தான் தீர வேண்டிய செட் மிகக் குறைவு. கேபிள், டிரைவர், பின்னால் கழன்று கிடக்கும் ஒரு வயர், தப்பான டோன், இவைதான் மாறி மாறி வரும். அதனால் கீழே உள்ள ஒழுங்கு வேண்டுமென்றே வைத்தது. ஃபர்ம்வெயர் கடைசியில் வருகிறது, அங்கேயே இருக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செட்டுக்குள் மூன்று விதமான தகவல் இருக்கிறது. ஃபர்ம்வெயர் என்பது செட்டை ஓட்டுகிற ப்ரோகிராம், ஒரே மொடல் எல்லாவற்றுக்கும் பொதுவானது. கோட்பிளக் என்று மோட்டோரோலாக்காரர் சொல்வது சனல், டோன், பட்டன் வேலை, ஐடி எல்லாம் அடங்கிய அமைப்பு; மற்றக் கம்பனிகளில் வெறும் டேட்டா என்பார்கள், விஷயம் ஒன்றுதான். மூன்றாவது டியூனிங் தகவல்: அந்த ஒரு செட்டின் பவர், டீவியேஷன் (குரலுக்கு அலைவரிசை எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பது), அலைவரிசைத் திருத்தம் ஆகியவற்றை ஃபாக்டரியில் அளந்து பதிந்தது. இது செட்டுக்குச் செட் வேறு. ஒரு நல்ல செட்டின் மெமரியை அப்படியே இன்னொன்றில் இறக்கினால் சனல் வரும், ஆனால் டியூனிங் போய்விடும், அப்புறம் சேர்விஸ் மொனிற்றர் என்ற அளக்கும் கருவி இல்லாமல் அதைச் சரிக்கட்ட முடியாது. கம்பனி சொஃப்ட்வெயரில் உள்ள குளோன் வசதி (ஒரு செட்டின் அமைப்பை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) பொதுவாக டியூனிங்கைத் தொடாது. இணையத்தில் கிடைக்கும் மெமரி நகல் ஃபைல்கள்தான் ஆபத்து.

ஆகவே எந்தச் செட்டாக இருந்தாலும் முதல் வேலை வாசிப்பது. எழுதுவது அல்ல. வாசித்ததைச் சீரியல் இலக்கத்தின் பெயரில் சேமியுங்கள், சேமித்த ஃபைலை மூடித் திரும்பத் திறந்து பாருங்கள், இன்னொரு பிரதியை பென் டிரைவில் போடுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் லேபலைக் கைபேசியில் படம் எடுங்கள். மொடல் இலக்கத்தின் ஒவ்வொரு எழுத்தும் பிறகு தேவைப்படும், உப்புக் காற்றில் லேபல் எழுத்து அழிந்துகொண்டே போகும்.

மேசையில் இன்னும் ஒரு பொருள் வேண்டும்: அன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோட், பவரை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கும் போலி அன்டெனா. கை தவறி பேசும் பட்டனை, பிடிடியை, அழுத்தினால் செட்டும் தப்பும், நீங்களும் மற்றவர் அலைவரிசையில் போய் விழமாட்டீர்கள்.

லப்டொப் கேபிளையே காணவில்லை, அல்லது மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது

விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். யூஎஸ்பி ப்ரோகிராமிங் கேபிளின் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது, யூஎஸ்பியைப் பழைய சீரியலாக மாற்றுவது அதுதான். மலிவுக் கேபிள்களில் பெரும்பாலும் ப்ரொலிஃபிக் பிஎல்2303 அல்லது அதன் போலி இருக்கும். புது விண்டோஸ் தானாகப் புது டிரைவரைப் போடும், அந்த டிரைவர் பழைய சிப்பையும் போலியையும் ஏற்காது. கோட் 10 என்ற பிழை வரும், அல்லது இந்தச் சிப் 2012இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரிடம் கேளுங்கள் என்று பெயருக்குப் பதிலாக ஒரு வசனமே வந்து நிற்கும். கேபிள் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். பழைய 3.2.0.0 டிரைவரைப் போட்டு, அந்த இடத்திலேயே வலது கிளிக் செய்து, டிரைவரை மாற்று, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தெரிவுசெய்கிறேன் என்று போய்ப் பழையதைத் தெரிவுசெய்தால் அநேகமாக எழும்பிவிடும். விண்டோஸ் அப்டேட் வந்ததும் திரும்பப் புதுசு ஏறிவிடலாம், அப்போது இதையே மறுபடி செய்ய வேண்டும்.

எஃப்டிடிஐ என்ற கம்பனியின் சிப் உள்ள கேபிள் கொஞ்சம் விலை கூட, ஆனால் இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறவர் அதையே வாங்குங்கள். அதிலும் போலி உண்டு. 2014இல் அந்தக் கம்பனி வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்பின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கி எந்தக் கணினியிலும் தெரியாமல் செய்துவிட்டது, அது அந்த நேரத்தில் பெரிய சர்ச்சை. நம்பகமான கடை என்பது இந்த விஷயத்தில் உண்மையாகவே காசு மிச்சம்.

போர்ட் தெரிகிறது, சொஃப்ட்வெயர் திறக்கிறது, ஆனால் செட் பதில் தரவில்லை

இதுதான் அதிகம் வரும் புகார், காரணமும் பல, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் கொம் போர்ட் இலக்கம் முதலில். லப்டொப் அதற்கு 17 என்றோ 23 என்றோ கொடுத்திருக்கும், பழைய ப்ரோகிராமிங் சொஃப்ட்வெயர் பலவற்றுக்கு 1 முதல் 4 வரைதான் கண் தெரியும். டிவைஸ் மனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பகுதிக்குள் போய் இலக்கத்தைக் குறைத்துவிடுங்கள். பாவனையில் உள்ளது என்று எச்சரித்தால், எப்போதோ செருகிய பழைய கருவியின் நினைவாகத்தான் இருக்கும், ஆம் என்று கொடுக்கலாம். எஃப்டிடிஐ கேபிளாக இருந்தால் அதே இடத்தில் லேட்டன்சி டைமர் (டேட்டாவைத் தாமதிக்கும் நேரம், மில்லிசெக்கனில்) 16 என்று நிற்கும், அதை 1 ஆக்குங்கள். பாதிவரை வாசித்து நின்றுபோகிற செட்கள் சில இதனால் மட்டுமே சரியாகும்.

அடுத்தது கேபிள் சரியான கேபிள்தானா என்பது. வண்டி செட்களின் மைக் ஓட்டை பெரும்பாலும் நெட்வேர்க் கேபிள் தலை போலவே இருக்கும், எட்டுக் கால். தலை பொருந்துகிறது என்பதற்காக எதையும் குத்தக்கூடாது. கால்களின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒருவர் வோல்டேஜ் வெளியே விடுகிற காலில் இன்னொருவர் டேட்டா வைத்திருப்பார், செருகிய கணத்திலேயே ஏதோ ஒன்று போய்விடும். கென்வுட்டின் எட்டுக் கால் வண்டி செட்களுக்கு கேபிஜி-46 வகைக் கேபிள், ஐகாமின் பல வண்டி செட்களுக்கு ஓபிசி-1122 வகை, மோட்டோரோலாவின் ஜிஎம் வரிசைக்கு வேறு. மைக் ஓட்டையிலிருந்து நெட்வேர்க் கேபிளை எடுத்து லப்டொப்பின் நெட்வேர்க் ஓட்டையில் செருகுவதும் நடக்கிறது. அது ஒரு நாளும் வேலை செய்யாது.

பழைய மோட்டோரோலாவுக்கு நடுவில் ஒரு பெட்டி வேண்டும், ரிப் என்பார்கள். கணினியின் பழைய சீரியல் போர்ட் பிளஸ் மைனஸாக 12 வோல்ட் வரை ஆடும், செட்டின் டேட்டா வயர் 5 வோல்டில் இருக்கிறது, அதுவும் அனுப்புவது வாங்குவது இரண்டும் ஒரே வயரில். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் ரிப். இப்போது வரும் கேபிள்களில் அது தலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். யாராவது வீட்டில் நேரடியாக இழுத்த சீரியல் வயரைத் தந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் எங்கள் கரையோரத்துக்கே உரிய பிரச்சினை. ஒரு டோர்ச்சையும் பெரிதாக்கும் கண்ணாடியையும் எடுத்து மைக் ஓட்டைக்குள் பாருங்கள். எட்டு மெல்லிய தங்கநிறக் கம்பிகள் ஒரே சரிவில் நிற்க வேண்டும். ஒல்லுவிலிலோ கல்லடியிலோ கடற்காற்றில் ஓடிய வண்டியின் செட் என்றால் இரண்டு மூன்று கம்பிகளின் அடியில் பச்சைத் தூள் படிந்திருக்கும், சில நேரம் ஒரு கம்பி மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடக்கும், மைக்கை இழுத்து இழுத்து அமுங்கியது. மைக் வேலை செய்யும், ஏனென்றால் மைக்குக்குத் தேவையான கால்கள் தொடுகின்றன. டேட்டா கால் மட்டும் தொடாது. ஐசோப்ரொபைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் தேய்த்து, காயவிட்டு, தாழ்ந்த கம்பியை ஊசியால் மெதுவாக நிமிர்த்துங்கள். பவர் வயர் கழற்றிய நிலையில் மட்டும்.

கடைசியாக மின்சாரம். வாசிக்க எழுத செட்டுக்குப் பெரிய கரண்ட் தேவையில்லை, ஒலிபரப்பினால்தான் 25 வொட் செட் 6, 7 அம்பியர் கேட்கும். ஆனால் வோல்டேஜ் ஆடக்கூடாது. இவை 13.6, 13.8 வோல்டுக்குச் செய்தவை. லொறியின் 24 வோல்டில் நேரே கொடுத்த செட் ஒன்று உங்களிடம் வந்தால், ப்ரோகிராமைப் பார்க்குமுன் மூடியைத் திறந்து பாதுகாப்பு டயோட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

செட் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது, அல்லது தானாக ஆன் ஆகிறது

பியூஸ் நன்றாக இருந்தும் ஆன் ஆகாவிட்டால் பின்பக்க இணைப்பைப் பாருங்கள். பழைய நிறுவனம் வண்டியின் சாவி போட்டால் மட்டும் செட் எழும்பும்படி அமைத்திருக்கும். அந்த இக்னிஷன் வயரை வெட்டி எடுத்துத்தான் செட்டைக் கழற்றியிருப்பார்கள். அந்தக் காலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் எழும்பும். எழும்பியதும் வாசித்து, அந்த அமைப்பை மாற்றி எழுதிவிடலாம். தானாக ஆன் ஆகிறது, அணைத்தாலும் திரும்ப எழும்புகிறது என்றால் சில மோட்டோரோலா செட்களில் அவசர கால் மிதி இருந்த இடம் அது: மிதி கழன்றதை அவசரம் என்று செட் எடுத்துக்கொள்கிறது. கோட்பிளக்கில் எமர்ஜென்சியை நிறுத்துங்கள்.

யூஎஸ்பி டிஜிட்டல் செட்: கேபிள் செருகினால் ‘டிங்’ என்கிறது, சொஃப்ட்வெயர் செட் இல்லை என்கிறது

மோட்டோரோலாவின் மோட்டோட்ர்போ வரிசை கொம் போர்ட்டில் வராது. அது கணினிக்கு ஒரு நெட்வேர்க் கருவியாகத் தெரியும். வழக்கமாகச் செட்டின் முகவரி 192.168.10.1, உங்கள் கணினிக்கு அது கொடுப்பது 192.168.10.2. ஆகவே கொமாண்ட் ஜன்னலைத் திறந்து 192.168.10.1க்குப் பிங் (பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் கேபிளும் டிரைவரும் சரி, தடுப்பது ஃபயர்வோல் அல்லது அன்டிவைரஸ். வேலை முடியும்வரை அந்த நெட்வேர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பதில் வராவிட்டால் வைஃபையை அணைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். வீட்டு ரவுட்டரும் அதே 192.168.10 வரிசையில் இருந்தால் கணினி செட்டைத் தேடி ரவுட்டரிடம் போய்க்கொண்டிருக்கும், கேபிளை எத்தனை தடவை மாற்றினாலும் அது தீராது.

வாசிக்கத் தொடங்கி, மறுத்துவிடுகிறது

திரையில் வருகிற வசனத்தை அப்படியே எழுதி வையுங்கள், அதிலேதான் விடை இருக்கிறது.

செட்டின் கோட்பிளக் உங்கள் சொஃப்ட்வெயரைவிடப் புதியது என்றால், யாரோ முன்பு புதிய சொஃப்ட்வெயரால் எழுதியிருக்கிறார்கள். இதற்குச் சொஃப்ட்வெயரைப் புதுப்பிப்பதுதான் வழி, செட்டின் ஃபர்ம்வெயரைப் பின்னோக்கி இறக்கப் பார்ப்பது அல்ல. ஆனால் புதிய சொஃப்ட்வெயர் எல்லாம் மிகப் பழைய செட்களைக் கைவிட்டு விடுவதும் உண்டு, அதனால் பழைய பதிப்பை அழிக்காமல் இன்னொரு லப்டொப்பில் வைத்திருங்கள். பிராந்தியம் பொருந்தவில்லை என்றால், செட் ஒரு கண்டத்துக்கு விற்கப்பட்டது, உங்கள் சொஃப்ட்வெயர் இன்னொரு கண்டத்துக்கு உரியது. வாங்கும்போதே லேபலில் மொடல் இலக்கத்தைப் பார்த்திருந்தால் இது வராது. அமெரிக்கப் பதிப்பில் வந்த டிஜிட்டல் செட்களில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத் தெரிவே மறைந்திருக்கும், அது 2013 சட்டத்தின் விளைவு. அகலச் சனல் உங்களுக்குக் கட்டாயம் என்றால் அந்தச் செட்டை வாங்காமல் விடுவது நல்லது.

பாஸ்வேர்ட் கேட்டால், விற்றவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் சீரியல் இலக்கத்தோடும் வாங்கிய ரசீதோடும் போங்கள். பாஸ்வேர்டை உடைத்துத் தருகிறேன் என்று வருகிற ஃபைல்களை நான் தொடுவதில்லை. ஒன்று, அந்தச் செட் எப்படிக் கைமாறியது என்பது தெரியாது. இரண்டு, அந்த ஃபைல்கள் பல நேரம் டியூனிங்கையும் சேர்த்து அழித்துவிடும்.

திரையுள்ள சில அஸ்ட்ரோ வகை மோட்டோரோலா செட்கள் எழும்பும்போதே இலக்கம் காட்டும். 01/82 என்றால் கோட்பிளக்கின் செக்சம் (சரிபார்க்கும் கூட்டுத்தொகை) பொருந்தவில்லை, எழுதும்போது எங்கேயோ அறுந்திருக்கிறது. 01/81 என்றால் ஃபர்ம்வெயரே கெட்டிருக்கிறது. முதலாவதைச் சேமித்த ஃபைலை வைத்துச் சரிக்கட்டலாம். இரண்டாவதுக்கு உண்மையாகவே ஃபர்ம்வெயர் ஏற்ற வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், எங்களுக்கு மட்டும் நடப்பது: லப்டொப்பின் பயனர் பெயரோ ஃபோல்டர் பெயரோ தமிழ் எழுத்தில் இருந்தால் பழைய சொஃப்ட்வெயர் சிலவற்றுக்கு அந்தப் பாதை புரியாது, சேமித்ததாகச் சொல்லும், ஃபைல் இருக்காது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் சி டிரைவின் வெளிப்படியிலேயே ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டோரோலா ஜிஎம்300 போன்ற பழசு: சொஃப்ட்வெயரே திறக்கவில்லை

அந்தக் காலத்து சொஃப்ட்வெயர் விண்டோஸுக்கு முந்திய டொஸில் ஓடுவது. 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. திறக்க வைத்தாலும் ஆபத்து: அது நேரத்தைக் கணக்கிடுவது பழைய மெதுவான கணினியின் வேகத்தை நம்பி, வேகமான கணினியில் எழுதும்போது கணக்குத் தவறி கோட்பிளக் பாதியில் கெடும். இதற்கு நிஜச் சீரியல் போர்ட் உள்ள ஒரு பழைய லப்டொப்பைத் தேடி, விண்டோஸுக்குள் ஜன்னலாகத் திறக்காமல் நேரடியாக டொஸில் எழுப்புங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் விற்காதீர்கள். கிடைக்காவிட்டால் அந்தச் செட்டை வாசிக்க மட்டும் முயன்று பாருங்கள், எழுதாதீர்கள்.

எழுதியாயிற்று, இப்போது சனலில் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது

நீங்கள் கொடுத்த அலைவரிசை அந்தச் செட்டின் பட்டைக்கு வெளியே இருக்கிறது. யூஎச்எஃப் என்று பொதுவாக எழுதியிருந்தாலும் உள்ளே பிரிவு உண்டு. மோட்டோட்ர்போவின் முதல் தலைமுறை வண்டி செட்டில் ஒரு வகை 403 முதல் 470 மெகாஹெர்ட்ஸ், இன்னொன்று 450 முதல் 512. 512 வகையை 430இல் போட்டால் உள்ளே அலைவரிசை உருவாக்கும் பகுதி பூட்டாமல் அலையும், செட் கத்தும். சொஃப்ட்வெயரை ஏமாற்றி எல்லைக்கு வெளியே எழுத வழி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எழுதலாம், ஆனால் சின்னத் தூரம் தாண்டினாலே உணர்திறன் விழும், மதிய வெயிலில் வண்டி சூடேறியதும் பூட்டு விடும். சம்மாந்துறை வயல் நடுவே மே மாதத்தில் நிற்கிற ட்ராக்டரில் அதை நம்ப முடியாது.

இந்த இடத்தில் அலைவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த அலைவரிசை என்பதை நீங்களோ நானோ தீர்மானிப்பதில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அதைத் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அனுமதிப்பத்திரத்தில் உள்ள அலைவரிசை, அதில் உள்ள அகலம், அதில் உள்ள பவர், அவ்வளவுதான் எழுதுவேன். பத்திரம் இல்லாமல் வருகிறவருக்கு முதலில் அதைப் பெறச் சொல்லி அனுப்புகிறேன். யுத்த காலத்தில் எங்கள் மாவட்டங்களில் கையில் ஒரு செட் வைத்திருப்பது எவ்வளவு பாரதூரமான விஷயமாக இருந்தது என்பதை வயதானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

படகுக்காரர்கள் கேட்பார்கள், இந்த லேண்ட் செட்டில் 156.800 போட்டுத் தா, சனல் 16 தானே என்று. போட முடியும், போடமாட்டேன். கடல் விஎச்எஃப் செட்டில் ஒரு பட்டனில் 16க்குப் போகலாம், அபாயப் பட்டனை அழுத்தினால் சனல் 70இல் 156.525இல் டிஜிட்டல் அபாய அழைப்பு போகும், தண்ணீர் பட்டால் தாங்கும். வாழைச்சேனையிலிருந்து பல நாள் கடலுக்குப் போகிறவருக்கு லொறியில் இருந்து கழற்றிய செட்டைக் கொடுப்பது சரியில்லை.

எல்லாம் சரி, ஆனால் கதைப்பது போய்ச் சேரவில்லை

தங்கள் பக்கம் கேட்கிறது, தாங்கள் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்றால் அனுப்பும் டோனைப் பாருங்கள். 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையான சின்ன டோன் ஒன்று பேச்சோடு சேர்ந்து போகிறது, எதிர்ப்பக்கம் அந்த டோன் வந்தால்தான் வாயைத் திறக்கும். வாங்குவதும் அனுப்புவதும் தனித்தனிக் கட்டம், ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவது வழக்கம். டிஜிட்டல் கோட் டோனில் நேர், தலைகீழ் என்று இரண்டு உண்டு. கம்பனி மாறும்போது இது மாறிக்கிடந்தால் இலக்கம் ஒன்றாக இருந்தும் திறக்காது.

டோன் போட்டும் ஊரெல்லாம் பேசுவது காதில் விழுகிறதா? மைக்கை அதன் கொக்கியில் மாட்டுங்கள். மைக் கொக்கி வண்டியின் இரும்போடு தொட்டிருக்கிறதா என்பதை செட் கவனிக்கிறது. மைக் கொக்கியில் இல்லை என்று கண்டால் டோனைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் திறந்துவிடும், அழைக்குமுன் சனல் வெறுமையா என்று சாரதி கேட்பதற்காக. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது மைக்குக்குக் கொக்கியே இல்லை, அதனால் செட் பழுது என்று தோன்றும். கொக்கியைப் பூட்டி பூமி வயர் கொடுங்கள், அல்லது கோட்பிளக்கில் அந்த வசதியை நிறுத்துங்கள்.

உங்கள் குரல் மற்றவருக்கு உடைந்து கரகரக்கிறது என்றால் நீங்கள் அகலச் சனலில், அவர் குறுகிய சனலில். குரல் மிகவும் மெதுவாகக் கேட்கிறது என்றால் அதன் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே அகலம் போட்டால் தீரும்.

டிஜிட்டலில் பச்சை லைட் எரிந்து சத்தம் வராவிட்டால் நான்கைப் பாருங்கள்: கலர் கோட் (டிஜிட்டலில் டோனைப் போன்ற இலக்கம்), 0 முதல் 15 வரை, இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஸ்லொட் (ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்த பாதி) 1 அல்லது 2, குழு இலக்கம், அந்தக் குழு வாங்கும் பட்டியலிலும் இருக்கிறதா என்பது. பட்டியலில் சேர்க்க மறப்பதுதான் கூடுதலாக நடப்பது. நான்கும் சரியாக இருந்தும் விட்டுவிட்டுக் கேட்டால் அலைவரிசை விலகியிருக்கலாம். 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) விலகல் 160 மெகாஹெர்ட்ஸில் 400 ஹெர்ட்ஸ்தான், ஆனால் 450இல் 1,125 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அனலொக்கில் காதுக்குத் தெரியாதது டிஜிட்டலில் சொல்லைத் தின்னும். அதை அளந்து திருத்தக் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எத்தனை டிஜிட்டல் சனல் போட்டாலும், அனுமதிப்பத்திரம் இடம் தந்தால், ரிப்பீட்டர் (கோபுரத்தில் நின்று வாங்கித் திரும்ப அனுப்பும் செட்) இல்லாமல் நேருக்கு நேர் பேசும் ஓர் அனலொக் சனலை ஒவ்வொரு செட்டிலும் விட்டு வையுங்கள். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. கோபுரமும் ரிப்பீட்டரும் விழுந்த நாளில் இரண்டு வண்டிகளுக்கிடையில் மிஞ்சுவது அந்தச் சனல் ஒன்றுதான்.

இவ்வளவும் பார்த்தும் ஃபர்ம்வெயர்தான் மாற்ற வேண்டும் என்றால்

காரணம் உங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: 01/81 போன்ற பிழை, புதிய ரிப்பீட்டரோடு சேரத் தேவையான ஒரு வசதி, கம்பனி வெளியிட்ட குறிப்பில் உள்ள ஒரு கோளாறு உங்கள் செட்டிலும் இருப்பது. புதுசு நல்லது என்பது காரணமாகாது. ஃபர்ம்வெயர் ஏறியபின் பல செட்களில் இறங்க முடியாது. எனிடோன், டிவைடி போன்ற சீனச் செட்களில் ஃபர்ம்வெயர் மாறினால் அதற்குரிய சொஃப்ட்வெயர் பதிப்பும் சேர்ந்து மாற வேண்டும், பழைய பதிப்பால் எழுதினால் மெனு குழம்பும். ஏற்றுமுன் சனல் பட்டியலை சிஎஸ்வி (எக்செலிலும் திறக்கும் அட்டவணை) ஃபைலாகவும் எடுத்து வையுங்கள், புதிய பதிப்பு பழைய ஃபைலைத் திறக்காவிட்டால் அது கைகொடுக்கும். அதே மொடல் பெயரில் உள்ளே வேறு சர்க்கிட் பலகை வைத்தும் விற்கிறார்கள், ஆகவே ஹார்ட்வெயர் பதிப்பையும் பொருத்திப் பாருங்கள்.

ஏற்றும் நேரம் கரண்ட் போகக்கூடாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. செட்டை மேசை மின்வழங்கியில் வைக்காமல் நன்கு சார்ஜான 12 வோல்ட் பற்றரியில் வையுங்கள், மோட்டார்சைக்கிள் பற்றரியே போதும், ஒலிபரப்பப் போவதில்லையே. லப்டொப்பில் சார்ஜ் நிரம்பியிருக்கட்டும், தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள், இணையத்தைக் கழற்றுங்கள். யூஎஸ்பி நீட்டு வயர் வேண்டாம், ஹப்பும் வேண்டாம். தொடங்கியபின் கேபிளில் கை வைக்காதீர்கள். கோடு 90 சதவீதத்தில் அசையாமல் நின்றாலும் பொறுங்கள். சில செட்கள் கடைசியில் தாங்களாகவே ஒரு தடவை அணைந்து எழும்பும், அந்த இடத்தில் பயந்து வயரை இழுப்பதால்தான் பல செட் சாகிறது.

நடுவில் நின்றுபோய், இப்போது செட்டில் உயிரே இல்லை

திரையில் எதுவும் இல்லை என்பதற்காக முடிந்தது என்று எடுக்காதீர்கள். ஃபர்ம்வெயரை ஏற்றுகிற சின்னப் ப்ரோகிராம் பெரும்பாலும் தனி இடத்தில், அழியாமல் இருக்கும். செட்டை பற்றரியிலிருந்து முழுதாகக் கழற்றி, சில நிமிஷம் விட்டு, அந்த மொடலின் சேர்விஸ் கையேட்டில் சொன்ன பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுங்கள். கையேட்டில் உள்ள பட்டன்கள், இன்னொரு மொடலின் பட்டன்கள் அல்ல. அந்த நிலையில் திரை இருட்டாகவே இருக்கலாம், ஒரு சின்ன லைட் மட்டும் எரியலாம், ஆனால் டிவைஸ் மனேஜரில் ஏதோ ஒன்று புதிதாகத் தோன்றும். அது தோன்றினால் செட் தப்பும்: அதே ஃபர்ம்வெயர் ஃபைலை, அதே பதிப்பை, முதலிலிருந்து ஏற்றுங்கள். வேறு பதிப்புக்கு இந்த நேரத்தில் தாவாதீர்கள்.

எழும்பியதும் முதலில் வாசியுங்கள். சீரியல் இலக்கம் லேபலில் உள்ளதோடு பொருந்தினால், தொடக்கத்தில் சேமித்த கோட்பிளக்கை எழுதுங்கள். பிறகு டம்மி லோட்டில் ஒவ்வொரு சனலிலும் பவரை அளந்து, பக்கத்தில் இன்னொரு செட்டை வைத்துப் பேசிக் கேளுங்கள். பவர் முன்பிருந்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தால் அல்லது குரல் தடித்திருந்தால் டியூனிங் கெட்டிருக்கிறது, அதை வண்டியில் பூட்டாமல் கருவி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சரியாக இருந்தால் ஃபர்ம்வெயர் பதிப்பு, சொஃப்ட்வெயர் பதிப்பு, திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டு மூடுங்கள், அடுத்த தடவை திறக்கிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.